துடுப்பும் தோளும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

துடுப்பு என்னும் சொல் நமக்கு இரண்டு இடங்களில் பழக்கம். ஒன்று அடுப்படி, மற்றொன்று கடல். களி கிண்டும் துடுப்பும் கலம் செலுத்தும் துடுப்பும் ஒரே பெயரைத் தாங்கி நிற்பதில் வியப்பில்லை. இரண்டுமே நீண்ட தண்டின் ஒரு முனையில் தட்டையான பகுதியைக் கொண்டவை. இரண்டையும் அதிக நேரம் கையாண்டால் வலிப்பது தோள்தான். களித் துடுப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு நம் பாட்டிமார்கள் சூத்திரம் எதையும் பயின்றதில்லை. பானையின் ஆழமும் தம் கையின் நீளமும் அவர்களுக்குத் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் நின்றுகொண்டு செலுத்தும் அலைப்பலகைக்குத் துடுப்பு வாங்கப் புகுவோர் பலர் இவ்விரண்டு அளவுகளையும் கேட்பதே இல்லை. கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கிவிடுகிறார்கள்.

"நீளமான துடுப்பு வலிமையானது, அகலமான துடுப்பு வேகமானது" என்னும் எண்ணம் பரவலாக இருக்கிறது. நாம் முன்பே படித்து முடித்த நெம்புகோல் தத்துவத்தைக் கொண்டே இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை, எவ்விடத்தில் பொய்த்துப் போகிறது என்பதைக் காட்டிவிடலாம். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டின் வரலாறு

அலைச்சறுக்கு என்றால் பலகையின்மீது குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளிச் சென்று, அலை வந்ததும் எழுந்து நிற்பது என்று நம்மில் பலர் அறிவோம். நின்று துடுப்பிடும் அலைச்சறுக்கில் படுக்கும் வேலை இல்லை. கரையிலிருந்து புறப்படும்போதே நின்றுவிட வேண்டும். ஓர் ஆள் உயரத்தை விஞ்சிய ஒற்றைத் துடுப்பால் நீரைத் தள்ளி அலையைப் பிடித்து, அதே துடுப்பை ஊன்றித் திரும்ப வேண்டும். ஸ்டாண்ட்-அப் பேடில் சர்ஃபிங் என்பது இதன் ஆங்கிலப் பெயர். கடற்கரை இளைஞர் 'சப்' என்று சுருக்கிவிட்டார்கள். பிறந்த இடமான ஹவாய்த் தீவுகளில் 'ஹோஎ ஹெஎ நாலு' என்கிறார்கள். 'ஹோஎ' என்றால் துடுப்பு. 'ஹெஎ நாலு' என்றால் அலைச்சறுக்கு. பெயரிலேயே துடுப்பு முதலிடத்தில் நிற்பதைக் கவனிக்க.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹவாயின் வைகீகி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அலைச்சறுக்குக் கற்றுத் தந்தவர்கள், மாணவர்களைக் கண்காணிப்பதற்கும் அவர்களைப் படம் பிடிப்பதற்கும் வசதியாகப் பலகையின்மேல் நின்றுகொண்டு, ஓடத்தின் துடுப்பால் நீரைத் தள்ளிச் சென்றார்கள். 1990களின் நடுவில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா என்னும் இருவர் மாவித் தீவில் இதே முறையைக் கையில் எடுத்தார்கள். உட்கார்ந்து செலுத்துவதற்கென்று செய்யப்பட்ட ஓடத் துடுப்பு, நிற்பவனுக்கு எட்டவில்லை. எனவே நீண்ட துடுப்பு செய்யச் சொன்னார்கள். இன்றைய விளையாட்டு பரவியது அந்த நீண்ட துடுப்பிலிருந்துதான். 2012இல் பெரு நாட்டின் லிமா நகரில் இதற்கென்று முதல் உலகப் போட்டி நடந்தது. இதை நிர்வகிக்கும் உரிமை அலைச்சறுக்குச் சங்கத்துக்கா, ஓடச் சங்கத்துக்கா என்று இரு சர்வதேச அமைப்புகள் வழக்காடியதும், ஒலிம்பிக் அளவில் அது அலைச்சறுக்குச் சங்கத்துக்கே உரியது என்று விளையாட்டு நடுவர் மன்றம் 2020இல் தீர்ப்பளித்ததும் சுவையான கதை. பலகையைப் பார்த்தால் அலைச்சறுக்கு, துடுப்பைப் பார்த்தால் ஓடம். வழக்கு வந்ததில் குற்றமில்லை.

போட்டி நடந்த பெரு நாட்டிலேயே, வான்சாகோ என்னும் ஊர் மீனவர்கள் கோரையைக் கட்டிச் செய்த சிறு கலத்தில் அலையேறி வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது நீளவாக்கில் பிளந்த மூங்கில். நம் கரையில் கட்டுமரம் செலுத்தியவர்கள் கையிலும் பிளந்த மூங்கிலோ பலகையோதான் இருந்தது. 'கேட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பது எல்லாரும் அறிந்த செய்தி. துடுப்பு மட்டும் பெயரும் புகழும் இல்லாமல் எரவாணத்தில் செருகப்பட்டுக் கிடக்கிறது.

நம் கரையோடு இவ்விளையாட்டுக்கு இன்று நேரடித் தொடர்பு உண்டு. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றது. கோவளம் முதற்கொண்டு பல குப்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் பயணிகளுக்கு அலைச்சறுக்கும் துடுப்பும் கற்பித்துச் சம்பாதிக்கிறார்கள். என் பெரியப்பா மகனும் அவர்களில் ஒருவர். வயது 23. ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரர் தம் கார்பன் துடுப்பை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். விலையுயர்ந்த பொருள்; அண்ணனுக்குக் கால் தரையில் படவில்லை. ஆனால் கொடுத்தவரின் உயரம் ஆறடிக்கு மேல். அண்ணனின் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். ஒரு பருவம் முடிவதற்குள் வலது கையைத் தூக்கிச் சட்டையை மாட்ட முடியவில்லை. என் தகப்பனார் அந்தத் துடுப்பைக் கையில் வாங்கி நிறுத்திப் பார்த்துவிட்டு, "இது துடுப்பா, தோணி தள்ளுற கழியா?" என்று கேட்டார். அவர் கட்டுமரத்தில் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டவர். பிறகு இயந்திரப் படகுக்கு மாறியவர். அவர் கேட்ட கேள்விக்கு எண்களால் விடை காணலாம் என்று தோன்றியபோதுதான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

நீளம்

துடுப்பின் உறுப்புகள் மூன்று. மேலே உள்ளங்கையில் பதியும் குறுக்குக் கைப்பிடி, நடுவில் தண்டு, கீழே நீரில் அமிழும் அலகு. கடைகளில் சொல்லும் பொது விதி, அமைதியான நீரில் செல்வதற்கு ஆளின் உயரத்தைவிட 6 முதல் 10 அங்குலம் கூடுதல், அலையில் சறுக்குவதற்கு 2 முதல் 6 அங்குலம் கூடுதல் என்பது. வேறொரு விதியும் உண்டு: துடுப்பை நிமிர்த்தி வைத்துக் கையை மேலே நீட்டினால், கைப்பிடி மணிக்கட்டில் இடிக்க வேண்டும். இவ்விதிகள் எங்கிருந்து வருகின்றன என்று விளக்குவோர் குறைவு. நாமே வருவித்துப் பார்ப்போம்.

துடுப்பு செங்குத்தாக நிற்கும் கணத்தை எடுத்துக்கொள்க. அப்போது அலகு முழுவதும் நீருக்குள் இருக்க வேண்டும். தண்டு நீருக்குள் போக வேண்டியதில்லை. மேல்கை தோள் மட்டத்தில் இருந்தால் தோள்மூட்டுக்குச் சிரமம் குறைவு. எனவே துடுப்பின் நீளம் என்பது மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை: பாதத்திலிருந்து தோள் வரை உள்ள உயரம், பலகையின் மேற்பரப்பு நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் உயரம், அலகின் நீளம். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்குத் தோள் உயரம் சுமார் 135 செ.மீ. பலகை நீருக்கு மேல் 7 செ.மீ. நிற்பதாகவும், அலகின் நீளம் 42 செ.மீ. எனவும் கொண்டால், 135 + 7 + 42 = 184 செ.மீ. இது அவர் உயரத்தைவிட 19 செ.மீ., அதாவது ஏறத்தாழ ஏழரை அங்குலம் கூடுதல். கடைக்காரரின் விதி சரியாக வந்துவிட்டது.

இனி அதே ஆள் அலைக்குள் போகிறார் என்போம். அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது. முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கித் தாழ்ந்து நிற்க வேண்டும். தோள் 12 செ.மீ. இறங்குவதாகக் கொண்டால் 123 + 7 + 42 = 172. அலைக்கான பலகை சிறியது; நீரில் சற்று அமிழ்ந்தே மிதக்கும். 7 என்பதை 4 ஆக்கினால் 169 செ.மீ. ஆக, அதே ஆளுக்கு அலையில் வேண்டிய துடுப்பு அவர் உயரத்தைவிட 4 முதல் 7 செ.மீ.தான் நீளம். அமைதியான நீருக்கும் அலைக்கும் இடையே 12 முதல் 15 செ.மீ. வேறுபாடு! ஒரே துடுப்பால் இரண்டு வேலையும் செய்ய விரும்புவோர் இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைத் தேர்ந்துகொள்ளலாம். கற்றுத் தருபவர்கள் நாள் முழுவதும் பெரும்பாலும் சிற்றலையிலேயே நிற்பதால், குறைந்த பக்கம் சாய்வதே அவர்களுக்கு நலம் என்பது என் கருத்து.

நீளம் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இங்கே நெம்புகோல் வருகிறது. மேல்கையைத் தாங்குபுள்ளியாகக் கொள்க. இரு கைகளுக்கும் இடையே உள்ள தூரம் நம் உடலமைப்பால் முடிவாவது. துடுப்பைத் தலைமேல் கிடையாக வைத்து, முழங்கைகள் செங்கோணத்தில் மடங்குமாறு பிடித்தால் கிடைக்கும் தூரமே சரியானது என்பார்கள். அது நம் ஆளுக்கு 85 செ.மீ. எனக் கொள்வோம். 184 செ.மீ. துடுப்பில் மேல்கையிலிருந்து அலகின் மையம் வரை 163 செ.மீ. அலகு நீரை 100 நியூட்டன் விசையால் தள்ள வேண்டுமானால், கீழ்க்கை இழுக்க வேண்டிய விசை 100 × 163 ÷ 85 = 192 நியூட்டன். மேல்கை முன்னோக்கித் தள்ள வேண்டியது மீதி 92 நியூட்டன்.

கவனிக்க: இது நமக்குச் சாதகமான நெம்புகோல் அன்று. கடப்பாரையில் சிறு விசையால் பெருங்கல் புரளும். துடுப்பிலோ பெருவிசை கொடுத்துச் சிறுவிசை பெறுகிறோம். அதற்குக் கைம்மாறாகக் கை ஓரடி நகர்ந்தால் அலகு இரண்டடி நகர்கிறது. ஆகவே துடுப்பை நீட்ட நீட்ட வலிமை கூடுகிறது என்பது தலைகீழான எண்ணம். கூடுவது வீச்சு, குறைவது வலிமை.

அண்ணனின் துடுப்பு 205 செ.மீ. அதில் மேல்கையிலிருந்து அலகின் மையம் வரை 184 செ.மீ. அதே 100 நியூட்டனுக்குக் கீழ்க்கை 216 நியூட்டன் இழுக்க வேண்டும். மேல்கை 116 தள்ள வேண்டும். முன்னதைவிடக் கீழ்க்கைக்கு மட்டும் ஒவ்வொரு வலிப்புக்கும் 24 நியூட்டன், ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடை கூடுதல். நிமிடத்துக்கு 40 வலிப்பு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2,400. ஒரு நாளில் மூன்று மணி நேரம் கடலில் நிற்பவருக்கு 7,200. இவ்வளவும் விசையைப் பற்றிய கணக்கு. உயரத்தைப் பற்றிய கணக்கு இதைவிடப் பொல்லாதது. 205இலிருந்து அலகின் 42ஐயும் பலகையின் 7ஐயும் கழித்தால் 156. அதாவது துடுப்பு செங்குத்தாக நிற்கும்போதே அவர் மேல்கை கண்ணுக்கு நேரே நிற்கிறது. அலகை நீரிலிருந்து எடுத்து முன்னே கொண்டுபோகும்போது தலைக்கு மேல் போகிறது. தோள்மூட்டைச் சூழ்ந்துள்ள தசைநார்கள், கை தோளுக்கு மேல் உயரும்போது எலும்புகளுக்கிடையே நெரிபடுகின்றன. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் தாங்கும். 7,200 தடவை, நாள்தோறும் என்றால்?

வாடகைத் துடுப்புகள் பெரும்பாலும் குழலுக்குள் குழல் செருகிய, நீட்டிச் சுருக்கும் வகையைச் சேர்ந்தவை. முந்தைய ஆள் வைத்த அளவிலேயே அடுத்தவர் கைக்கு வந்து சேரும். உயரம் குறைந்த மாணவியர் பலர், "எனக்கு இது வராது" என்று கரையேறிவிடுவதற்குக் காரணம் அவர்களுடைய கை அன்று, முன்னவருடைய அளவு. கவ்வியைத் திறந்து குறைத்துக்கொள்ள அரை நிமிடம் போதும்.

அலகின் பரப்பு

அலகின் பரப்பைச் சதுர அங்குலத்தில் குறிப்பது வழக்கம். 80 முதல் 120 வரை கிடைக்கும். பலகையுடன் சேர்த்து இனாமாகத் தரப்படும் பிளாஸ்டிக் துடுப்புகளின் அலகு பெரும்பாலும் பெரியதாகவே இருக்கும். பெரிய அலகு நல்லதா என்னும் கேள்விக்கு, நேர்மையான இயற்பியல் விடை 'ஆம்' என்றுதான் தொடங்குகிறது.

நீரில் செல்லும் தகட்டின்மீதான தடைவிசை, நீரின் அடர்த்தி, தகட்டின் பரப்பு, வேகத்தின் இருமடி ஆகியவற்றுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று படித்திருக்கிறோம். 90 சதுர அங்குலம் என்பது சுமார் 580 ச.செ.மீ.; 110 என்பது சுமார் 710. ஒரே விசையைப் பெறுவதற்கு, பெரிய அலகு நீரில் நழுவும் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தால் போதும். நழுவுவது குறைந்தால் வீணாகும் ஆற்றலும் குறையும். நல்ல துடுப்பு என்பது சேற்றில் ஊன்றிய கழியைப்போல் நின்ற இடத்தில் நிற்க, பலகை அதைக் கடந்து போக வேண்டும். இவ்வளவில் பெரிய அலகே வெற்றி பெறுகிறது.

ஆனால் துடுப்பை வலிப்பது மோட்டார் அன்று, தசை. மிதிவண்டியில் இது எல்லாருக்கும் அனுபவம். கியர் உள்ள வண்டியில் மேட்டில் ஏறும்போது பெரிய கியரைப் போட்டவன் ஒவ்வொரு மிதியிலும் அதிக தூரம் போகிறான் என்பது உண்மை; ஆனால் பாதி மேட்டில் இறங்கி உருட்டுகிறவனும் அவனே. (பள்ளியில் நமக்கு அரசு தந்த வண்டியில் கியர் இல்லை, ஆதலால் நாம் எல்லா மேட்டிலும் இறங்கி உருட்டினோம்.) பெரிய அலகு பெரிய கியர். அதே நழுவு வேகத்தில் 110 அங்குல அலகு 90ஐவிட 22 விழுக்காடு அதிக விசை கேட்கும். நீளம் கூடிய துடுப்பில் அகலமும் கூடினால் இரண்டும் பெருக்கலாகும்: 216 × 1.22 = 263 நியூட்டன். அளவான துடுப்பில் 192 இழுத்தவர் இப்போது 37 விழுக்காடு அதிகம் இழுக்கிறார். வலிப்பின் எண்ணிக்கை தானாகக் குறைந்துவிடும். உடல் பேரம் பேசத் தொடங்கிவிடும்.

அலையைப் பிடிப்பதற்கு வேண்டியது நெடுந்தூரப் பயணமன்று; திடீர் ஓட்டம். அலை பின்னால் எழும்பும்போது ஐந்தாறு விரைவான வலிப்பில் பலகை அலையின் வேகத்தை நெருங்க வேண்டும். சிறிய அலகால் அந்த ஐந்தாறும் விரைந்து முடியும். வலது பக்கமிருந்து இடது பக்கத்துக்கு மாற்றுவதும் எளிது. 'மூன்றே வலிப்பில் ஏறிவிட வேண்டும், அதற்குப் பெரிய அலகே சரி' என்று வாதிடும் வல்லுநர்களும் உண்டு. 90 கிலோ எடையுள்ள, தோள் விரிந்த ஆட்களுக்கு அது பொருந்தலாம். 60 கிலோ எடையுள்ள நம்மவருக்கு 80 முதல் 90 சதுர அங்குலமே ஏற்றது என்பேன். அலகின் வடிவத்தில் நீர்த்துளிபோல் அடி பெருத்தது, ஏறத்தாழ நீள்சதுரமானது என இரு வகை. முன்னது நீரை ஒரே மூச்சில் கவ்வும். பின்னது மெதுவாகக் கவ்வும். அலகின் நடுவே முதுகெலும்புபோல் ஒரு மேடு ஓடினால், நீர் இரு பக்கமும் சமமாகப் பிரிந்து அலகு படபடக்காமல் இருக்கும். வாங்கும்போது விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அலகின் சாய்வு

துடுப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் அலகு தண்டுக்கு நேராக இல்லாமல் ஏறக்குறைய 10 பாகை சாய்ந்திருக்கும். இச்சாய்வு பலகையின் முன்முனையை நோக்கியிருக்க வேண்டும். புதியவர்கள் பத்துப் பேரில் பாதிப்பேராவது இதைத் திருப்பிப் பிடிக்கிறார்கள். அவர்களைக் குறை கூற முடியாது. அகப்பையைப்போல் உட்பக்கம் குழிந்திருந்தால்தான் நீரை அள்ளும் என்று கண் சொல்கிறது. ஆனால் துடுப்பின் வேலை அள்ளுவதன்று.

வலிப்பின் பின்பாதியில் அலகு நம் பாதத்தைக் கடந்து பின்னே போகும்போது, தண்டு செங்குத்திலிருந்து 20 பாகை சாய்ந்துள்ளதாகக் கொள்வோம். சரியாகப் பிடித்தவருக்கு அலகின் சாய்வு 20 − 10 = 10 பாகை. விசையில் நீரை மேலே தூக்குவதில் செலவாகும் கூறு சைன் 10, அதாவது 0.17. திருப்பிப் பிடித்தவருக்கு 20 + 10 = 30 பாகை; சைன் 30 என்பது 0.5. கொடுத்த விசையில் சரிபாதி நீரைத் தூக்குவதில் போகிறது. நீரைத் தூக்கினால் எதிர்விசை பலகையைக் கீழே அழுத்தும். அழுந்திய பலகை வேகத்தை இழக்கும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதைவிட ஈரமான உதாரணம் வேறில்லை. வட அமெரிக்க ஓடப் பந்தயங்களில் ஜீன் ஜென்சன் என்பவர் 1970களின் தொடக்கத்தில் வளைந்த தண்டுள்ள துடுப்பைக் கொண்டுவந்ததும் இதே காரணத்துக்காகத்தான். அலைக்கென்று செய்யப்படும் துடுப்புகளில் இச்சாய்வு சற்றுக் குறைவாக இருப்பதுண்டு. அலையின் முகப்பில் அலகை நீர்மேல் தட்டையாக அடித்து ஊன்றுகோலாக்கும்போது இரு பக்கமும் பயன்பட வேண்டியிருப்பதே காரணம்.

எடையும் பொருளும்

அலுமினியத் துடுப்பு ஒரு கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். கார்பன் இழையால் ஆனது அதில் பாதி. விலையோ பல மடங்கு. இவ்வெடை வேறுபாட்டால் எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டேன். அரைக் கிலோவை ஒவ்வொரு வலிப்புக்கும் அரை மீட்டர் தூக்குவதாகக் கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 0.5 × 9.8 × 0.5 × 2,400 = 5,880 ஜூல். தசை, உண்ட ஆற்றலில் நாலில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றும் என்பதைச் சேர்த்தாலும் 30,000 ஜூலைத் தாண்டாது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் இருப்பது ஏறக்குறைய 67,000 ஜூல். ஆக, கார்பன் துடுப்பால் ஒரு மணி நேரத்தில் மிச்சமாவது அரைக் கரண்டிச் சர்க்கரைக்கும் குறைவு!

இதைக் கண்டதும் விளம்பரங்கள் எல்லாம் பொய் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அப்படியும் அன்று. உடலை வருத்துவது மொத்த எடையைவிட, அவ்வெடை எங்கே இருக்கிறது என்பது. துடுப்பை மேல்கையை மையமாகக் கொண்டு வீசுகிறோம். நிலைமத் திருப்புத்திறன் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. கீழ்க்கை இருக்கும் இடத்தில் உள்ள 100 கிராம், 163 செ.மீ. தொலைவில் அலகில் இருந்தால் 3.7 மடங்கு தொல்லை தரும். எனவே பணம் குறைவானவர்கள் முழுக் கார்பனுக்கு ஏங்க வேண்டியதில்லை. இலேசான அலகும் கண்ணாடியிழைத் தண்டும் கொண்ட நடுத்தர விலைத் துடுப்பே பெரும்பகுதி நன்மையைத் தந்துவிடும். கண்ணாடியிழைத் தண்டு சிறிது வளைந்து கொடுப்பதால் வலிப்பின் தொடக்கத்தில் தோளில் விழும் அதிர்ச்சியும் குறையும். விறைப்பே வேகம் என்று பந்தயக்காரர்கள் சொல்வது அவர்களுடைய நாள்களுக்குப் பொருந்தும். நாள்தோறும் கடலில் நிற்பவனுக்குத் தோள்தான் முதல். நம் குப்பத்து ஆசிரியர்களுக்கு மருத்துவ விடுப்பும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

அலுமினியத்தை இகழ்வதாக எண்ண வேண்டாம். முதல் ஆறு மாதம் கற்பவருக்கு, நீட்டிச் சுருக்கும் அலுமினியத் துடுப்பே சிறந்தது. தம் அளவு என்ன என்று அதில்தான் கண்டறிய முடியும். உப்பும் மணலும் குழலுக்குள் புகுந்து இறுகிவிடுவது அதன் குறை. ஒவ்வொரு முறையும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, தனித்தனியே காயவைக்க வேண்டும். குழலின் முனை அடைப்பு பழுதானால் நீர் புகுந்து துடுப்பு மூழ்கிவிடும். வாங்கிய அன்றே தண்ணீர்த் தொட்டியில் போட்டு, கால் மணி நேரம் மிதக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

தண்டை வெட்டுதல்

நீளம் மாறாத துடுப்புகள் வேண்டுமென்றே நீளமாக விற்கப்படுகின்றன. கைப்பிடி தனியாக வரும். வாங்குபவர் தம் அளவுக்கு வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும். இங்கே அவசரம் கூடாது. வெட்டிய தண்டு வளராது. மேலே சொன்ன கூட்டல் கணக்கின்படி தம் அளவைக் கண்டு, அதைவிட 5 செ.மீ. கூடுதலாக முதலில் வெட்ட வேண்டும். கைப்பிடியைப் பசையிட்டு ஒட்டாமல் மின்பணிக்கு உதவும் ஒட்டுநாடாவை இறுகச் சுற்றி, ஒரு வாரம் கடலில் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். மேல்கை தோளுக்கு மேல் போகிறது என்றால் 2 செ.மீ. குறைக்கலாம். அலகை அமிழ்த்துவதற்கு முதுகு வளைகிறது என்றால் குறைத்தது போதும். அண்ணனின் துடுப்பு இவ்வாறு நான்கு தவணையில் 205இலிருந்து 178க்கு வந்து நின்றது. நாங்கள் கணக்கிட்ட 172க்கும் 184க்கும் இடையே அது சரிபாதியில் அமைந்தது கண்டு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில் அவர் பங்கு கொள்ளவில்லை. அவருக்குக் கை உயர்ந்தால் போதும், இப்போது பாதிக்கு மேல் உயர்கிறது.

இறுதியாக ஒட்டும்போது, சூடாக்கினால் இளகும் பசைக்குச்சியையே பயன்படுத்த வேண்டும். பிற்காலத்தில் வேறு பலகைக்கு மாறினால் வெந்நீரிலோ சூடான காற்றிலோ காட்டிக் கைப்பிடியைக் கழற்றிவிடலாம். வெட்டுவதற்கு மென்பற்கள் உள்ள இரும்பறுக்கும் வாளே ஏற்றது. வெட்டும் இடத்தில் நாடா சுற்றிக்கொண்டால் இழை பிரியாது. கார்பன் தூள் மூச்சில் போகக்கூடாது. ஆதலால் மூக்கை மூடிக்கொண்டு, வெட்டும் இடத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே காற்றுக்கு எதிர்ப்புறம் நிற்காமல் வெட்ட வேண்டும்.